மலைப் பக்கம் ஒரு காலடி

நாற்பத்தொரு முறை பந்து சிந்துஜாவின் கைக்கு வந்திருந்தது. நாற்பத்தொரு முறையும் அவள் இடப்பக்கமே போயிருந்தாள்.

பர்சானா போனை மைதானத்துச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோவில் ஒவ்வொரு ஓட்டமாகத் தள்ளிக் காட்டினாள். காலை ஆறரை மணி. புல்லில் ஈரம். மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. கீழ்ப்பாதி மட்டும் யாரோ வரைந்து நிறுத்தியது போல நின்றது.

"பாரு. இங்க லெஃப்ட்டு. இங்கயும் லெஃப்ட்டு. இது வேலூர் மேட்ச்சு, அங்கயும் அதே. நீ இன்னாடி, ஒன்வே ரோடா?"

சிந்துஜா திரையில் ஓடுகிறவளைப் பார்த்தாள். நீல ஜெர்சி, பத்து என்ற எண், இடது கக்கத்தில் பந்து. அவளுக்கே அது வேறு யாரோ போலத்தான் இருந்தது.

அவர்கள் ஆடுவது ரக்பி. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம். கையால் வீசுவதென்றால் பின்னால் வருகிறவளுக்குத்தான் வீச வேண்டும். எதிரணி இடுப்பையோ காலையோ கட்டிப்பிடித்துக் கீழே தள்ளும். அதற்கு டேக்கிள் என்று பெயர். பிடிபடாமல் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அது ட்ரை, ஐந்து பாயிண்ட்.

சிந்துஜாவின் இடம் இடது ஓரம். அந்த ஓரத்தில் ஓடுகிறவளுக்கு இடப்பக்கம் இருப்பது ஒரு வெள்ளைக் கோடுதான். கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் போவாள் என்று தெரிந்துவிட்டால் போதும், எதிரே வருகிறவள் பாயக்கூட வேண்டாம். வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு கூடவே ஓடினால் சிந்துஜா தானாக வெளியே போய் விழுவாள். கடைசி மூன்று ஆட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

"வலது ஓரத்துக்கு மாத்திப் பாரேன்" என்றாள் சிந்துஜா.

"அங்க தமிழ்செல்வி இருக்கா. அவள நகத்த முடியாது. அதுவும் இல்லாம, எந்த ஓரத்துல நின்னாலும் ஒரே பக்கம் போனா ரெண்டாவது மேட்ச்சுல கண்டுபுடிச்சிடுவாளுங்க." பர்சானா போனை எடுத்துப் பையில் போட்டாள். "நாலு வாரத்துல டோர்னமெண்ட். நம்ம ஊர்லயே. உன்ன வெளிய உக்கார வெக்க எனக்கு மனசு வராது. ஆனா வெப்பேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒரே ஒரு தடவ அந்தப் பக்கம் வெட்டு. அப்புறம் அவளுங்களுக்குச் சந்தேகம் வந்துடும். சந்தேகம் வந்தா பாதி வேல முடிஞ்சுது."

பர்சானா அணித் தலைவி. பயிற்சியாளரும் அவள்தான், வேறு யாரும் இல்லை. சென்னையில் ஒரு வார முகாமுக்குப் போய் வந்தவள், மிச்சத்தைப் போனில் பார்த்துப் பார்த்துக் கற்றவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவள் அத்தா பீர் முகம்மதுவுக்கு டிரங்குப் பெட்டிக் கடை. அங்கே தகரம் தட்டும் சத்தத்தில் வளர்ந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

சிந்துஜாவுக்கு இருபத்து நான்கு வயது. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு நில அளவை செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முக்காலி மேல் கருவியை நிறுத்தி, கண்ணை வைத்து, கோணமும் தூரமும் எடுப்பது தொழில். ஊரில் எந்தத் தெரு எந்தத் தெருவைவிட எத்தனை சென்டிமீட்டர் தாழ்வு என்று அவளுக்குத் தெரியும். வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வீட்டில் அவளும் அம்மா கஸ்தூரியும்.

பிப்ரவரி வரை அப்பாவும் இருந்தார்.

அப்பாதுரை எலக்ட்ரீஷியன். அடி அண்ணாமலையில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர். சிந்துஜாவுக்கு ஐந்து வயதில் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட்டைக் காட்டி அவர் சொன்ன முதல் பாடம்: "இந்த எடப்பக்க ஓட்டையில ஒண்ணும் இருக்காது. வலப்பக்கம் இருக்குது பாரு, அதுலதான் கரண்ட்டு. ரெண்டுலயும் கை வெக்கக் கூடாது. அதுல கனவுல கூட வெக்கக் கூடாது."

அதே வயதில்தான் பௌர்ணமி நடையும் தொடங்கியது. பதினாலு கிலோமீட்டர். வீட்டு வாசலில் ஆரம்பித்து மலையைச் சுற்றி வீட்டு வாசலிலேயே முடியும். மலை எப்போதும் வலப்பக்கம். சாலையில் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு.

"அந்த ஓரம் ஏன்ப்பா காலியா இருக்கு?"

"காலியா இல்ல. மலை ஓரமா சித்தருங்க போறாங்க."

"எங்க?"

"நமக்குத் தெரியாது. ஆனா போறாங்க. வழியில போய் நிக்காத, இடிச்சிக்கப் போற."

அவர் அவளுக்கு வலப்பக்கமாக நடப்பார். அவளுடைய வலது கை அவருடைய இடது கைக்குள் இருக்கும். அந்தக் கையில் இன்சுலேஷன் டேப் வாசனை வரும். சிறுமியாக இருந்தபோது அவள் மனதில் அந்த வரிசை தெளிவாக இருந்தது: முதலில் மலை, அப்புறம் சித்தர்கள், அப்புறம் அப்பா, கடைசியில் அவள். யாரும் யாரையும் இடிக்காமல் நான்கு வரிசையும் ஒரே வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும். மலையும் நகர்கிறது என்றுதான் அவள் நெடுநாள் நினைத்திருந்தாள்.

ரக்பி ஆடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாம்மா, பப்பாளிப் பழம் மாதிரி இருக்குது. எங்க குதிக்கும்னே சொல்ல முடியாதே." ஆனால் ஊரில் நடந்த ஆட்டம் ஒன்றைக்கூட விடவில்லை. டூல்ஸ் பையோடு வேப்பமரத்தடியில் நிற்பார். விசில் அடித்தால் கைதட்டுவார், எந்த அணிக்கு என்று பார்க்க மாட்டார். ஒருநாள் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது கேட்டார்: "அந்தப் பொண்ணுங்க உன்னப் புடிக்கத்தான் வர்றாங்க. அப்புறம் நீ ஏன் நேரா அவங்க மேலயே போற?"

"அவ்ளோ கிட்ட போனாத்தான்ப்பா ஏமாத்த முடியும்."

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே அதை யோசித்தார். "அது சரிதான்" என்றார், ரொம்ப நேரம் கழித்து.

பிப்ரவரி பத்தொன்பது. ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். ரெகுலேட்டரைத் திருப்பி ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். எழவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த முதல் பௌர்ணமியில், வீட்டு வாசலில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கஸ்தூரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ நாளு இந்தப் பக்கம் நடந்தாரு" என்றாள், யாரிடமும் இல்லாமல். "இனிமே அவரும் அந்தப் பக்கம்தான்."

அதற்குப் பிறகு சிந்துஜா கிரிவலம் போகவில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏதாவது ஒரு நிலத்தை அளக்க வேண்டியிருந்தது.

வீட்டில் எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் அவர் வைத்தது. அலுவலகத்துக்குப் போகும் வழியில் எந்த வீட்டு மாடியிலிருந்து ஒயர் இறங்கினாலும் அவர் இழுத்தது. மைதானத்தில் மட்டும் ஒயர் கிடையாது. காலையில் அந்த ஒரு மணி நேரம் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். பர்சானாவுக்கு அது தெரியாது. சிந்துஜா சொல்லவும் இல்லை.

அன்று மாலை அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு, இரண்டு வருட வீடியோக்களையும் இறக்கி ஒரு அட்டவணை போட்டாள். தேதி, ஆட்டம், பந்து வந்த நேரம், போன பக்கம். எந்தக் காரணமும் இல்லாமல் பிப்ரவரி பத்தொன்பதில் ஒரு கோடு கிழித்தாள்.

கோட்டுக்கு முன்: முப்பத்தாறு முறை பந்து. வலப்பக்கம் ஒன்பது.

கோட்டுக்குப் பின்: நாற்பத்தொரு முறை பந்து. வலப்பக்கம் பூஜ்யம்.

அட்டவணையைச் சேமிக்காமல் மூடினாள்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து அளவைக் கம்புகள் ஆறு கொண்டுவந்தாள். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட, ஆள் உயரத்துக்கு மேலான கம்புகள். அவற்றைத் தரையில் நட்டு, டேப் பிடித்துப் புள்ளி வைத்தாள்.

"இது இன்னாடி, பிளாட் போடறியா?" என்றாள் கன்னியம்மாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். அணியிலேயே கனமானவள், பழைய கபடிக்காரி. பந்தோடு ஓடும்போது இன்றும் அவள் வாய் கபடிகபடி என்று முணுமுணுக்கும். மூச்சு விட்டால் அவுட் என்ற பயம் உடம்பில் தங்கிவிட்டது. எத்தனை முறை சொல்லியும் போகவில்லை. "அவ வாயி, உன் காலு. ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள் பர்சானா.

கம்புகளோடு கணக்கு சுலபமாக இருந்தது. ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். காலடிகளைச் சின்னதாக்க வேண்டும். எதிராளியின் கண்ணைப் பார்க்கக் கூடாது, தோளையும் பார்க்கக் கூடாது. இரண்டும் பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது. இடப்பக்கம் போவது போல உடம்பைச் சாய்த்து, இடது காலை அகலமாக வெளியே ஊன்றி, எதிராளியின் எடை அந்தப் பக்கம் சாய்கிற நொடியில் தரையை உதைத்து வலப்பக்கம் போய்விட வேண்டும். இரண்டரை மீட்டரில் ஊன்றினால் சரி. ஒன்றரையில் ஊன்றினால் கை எட்டிவிடும். நாலில் ஊன்றினால் அவள் திரும்பிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும்.

அவள் ஊன்றின இடங்களில் புல் கிழிந்து மண் தெரிந்தது. டேப் வைத்துப் பார்த்தாள். இரண்டு நாற்பது, இரண்டு ஐம்பத்தைந்து, இரண்டு ஐம்பது. இருபது முறையில் இருபது முறை வலப்பக்கம். கம்புக்கு எடையும் இல்லை, அதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"சூப்பர்டி. இப்ப கம்ப எடு" என்றாள் பர்சானா. "கன்னி, நீ வா."

கன்னியம்மாள் இரண்டு கையையும் விரித்து நின்றாள். சிந்துஜா ஓடினாள். காலடி சின்னதானது. இடது கால் சரியான இடத்தில் ஊன்றியது. கன்னியம்மாளின் எடை சாய்ந்தது. கதவு திறந்த மாதிரி வலப்பக்கம் முழுவதும் திறந்து கிடந்தது. சிந்துஜா இடப்பக்கம் போனாள். கோட்டுக்கு வெளியே இரண்டு பேரும் கட்டிப்பிடித்தபடி விழுந்தார்கள்.

"அடிபட்டுச்சா?" என்றாள் கன்னியம்மாள், அவளைத் தூக்கி நிறுத்தியபடி.

"இல்ல."

"அப்புறம் ஏன்டி மூஞ்சி அப்படி இருக்குது?"

ஒன்பது நாள் அப்படியே போனது. பத்தாம் நாள் பௌர்ணமி.

"இன்னிக்கு நீ வர்ற" என்றாள் கஸ்தூரி. கேள்வியாகச் சொல்லவில்லை. அங்கன்வாடியிலிருந்து மதியமே வந்து, தலை குளித்து, பச்சைப் புடவை கட்டியிருந்தாள். "மூணு மாசமா பக்கத்து வூட்டுக்காரங்களோட போறேன். எல்லாரும் உன்னக் கேக்கறாங்க. வேலைன்னு எத்தினி தடவ சொல்றது?"

கூட்டம் ஏறுவதற்கு முன் போய்விடலாம் என்று மூன்றரை மணிக்கே கிளம்பினார்கள். வெறுங்காலில் தார் சுட்டது. வாசலைத் தாண்டியதும் சிந்துஜா பழக்கத்தில் இடது ஓரம் திரும்பினாள். கஸ்தூரி திரும்பவில்லை. சாலையை நேராகக் கடந்து, மலை ஓரம் போய், அங்கிருந்து நடக்கத் தொடங்கினாள்.

"ம்மா! அது அந்தப் பக்கம்."

"தெரியும்."

சிந்துஜா நடுச் சாலை வரை ஓடினாள். "அங்க நடக்கக் கூடாதுன்னு அப்பா..."

"அப்ப அவரு இந்தப் பக்கம் இருந்தாரு, நானும் இந்தப் பக்கம் நடந்தேன். இப்ப அவரு அங்க இருக்காரு. நான் வேற எங்க நடப்பேன்?"

"இடிச்சிட்டா?"

கஸ்தூரி சிரித்துவிட்டாள். நான்கு மாதத்தில் சிந்துஜா அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. "இடிச்சா இன்னா? இருபத்தாறு வருசம் ஒரே ரூமுல இடிச்சிக்கினுதான இருந்தோம். அவரு ஸ்க்ரூடிரைவர் மேல நான் கால வெக்காத நாளு உண்டா?"

"சித்தருங்க இருப்பாங்களேம்மா."

"அவங்க பெரியவங்க. ஒதுங்கிக்குவாங்க." கஸ்தூரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீ உன் பக்கமே வா. உனக்கு எது வருதோ அதுல வா."

அப்படியே போனார்கள். மகள் இடது ஓரம், தாய் வலது ஓரம், நடுவில் சாலை. முதலில் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். வெயில் சாயச் சாய, எங்கிருந்து என்று தெரியாமல் கூட்டம் வந்து சேர்ந்தது. காலடிச் சத்தம் ஒரே சத்தமாகி, பிறகு சத்தமே இல்லாதது போலாகிவிட்டது. ஆயிரம் முதுகுகளுக்கு அந்தப் பக்கம் பச்சைப் புடவை தெரியும், மறையும், மறுபடி தெரியும். மலை மெதுவாகத் திரும்பித் தன் மறு பக்கங்களைக் காட்டியது. ஒரு பக்கத்தில் பாறை, ஒரு பக்கத்தில் புதர், ஒரு பக்கத்தில் முகம் போல ஏதோ ஒன்று.

வடபக்கத்தில் கூட்டம் கொஞ்சம் பிரிந்தபோது அம்மாவை முழுதாகப் பார்த்தாள். கஸ்தூரியின் தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி பெயர் சொல்கிறாள் என்று நினைத்தாள் சிந்துஜா. கொஞ்சம் நெருங்கி, நடுச் சாலைக்கு வந்து காது கொடுத்தாள்.

"...மோட்டாரு மறுபடி எடுக்க மாட்டேங்குது. கண்டென்சர் போயிருக்கும்னு பக்கத்து வூட்டுக்காரரு சொல்றாரு. நீ இருந்தா அஞ்சு நிமிசம்..."

சிந்துஜா அங்கேயே நின்றாள். பின்னால் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிப் போனார்கள். இன்னும் மூன்று எட்டு வைத்தால் மலை ஓரம். கால் எழவில்லை. பச்சைப் புடவை தூரத்தில் சின்னதாகி, கூட்டத்துக்குள் போனது. அவள் இடது ஓரத்துக்குத் திரும்பினாள்.

ஊருக்குள் வரும் திருப்பத்துக்கு முன்னால் பீர் முகம்மது கடைக்காரர்கள் சிலரோடு சேர்ந்து தண்ணீர் வைத்திருந்தார். பர்சானா இரண்டு கையிலும் டம்ளரோடு நின்றாள்.

"வாங்கம்மா, வாங்கய்யா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க... ஏய், சிந்து! இப்பத்தான் உங்கம்மா குடிச்சிட்டுப் போனாங்க, அந்த ஓரமா. அம்மாவும் பொண்ணும் சண்டையா? ஆளுக்கொரு கரையில போறீங்க?"

சிந்துஜா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"பர்சானா. நான் ஏன் அந்தப் பக்கம் போறதில்லன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லு."

"எங்கப்பா அந்தப் பக்கம் இருக்காருன்னு தோணுது."

பர்சானா இன்னொரு டம்ளர் கையில் இருக்க, சாலையின் மலை ஓரத்தைப் பார்த்தாள். சிந்துஜாவைப் பார்த்தாள். கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

"மைதானத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும்."

பர்சானா தலையை ஆட்டினாள். கிண்டல் இல்லாமல், கணக்குச் சரிபார்க்கிறவள் போலக் கேட்டாள்: "சரி. இருக்காருன்னே வெச்சிக்க. அவரு உன்ன டேக்கிள் பண்ணவா போறாரு?"

சிந்துஜாவுக்குச் சிரிப்பு வந்தது. டூல்ஸ் பையைக் கீழே போட்டுவிட்டு அப்பாதுரை இடுப்பைக் கட்டிப்பிடிக்கப் பாய்வதை ஒரு கணம் பார்த்தாள். அவரால் ஒரு பல்லியைக்கூட விரட்ட முடியாது. சிரித்தாள்; சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆனது. பர்சானா டம்ளரை வாங்கிக்கொண்டு, அடுத்து வந்தவரிடம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாக "வாங்கய்யா, தண்ணி" என்றாள். சிந்துஜா தன்பாட்டில் நிற்க இடம் கொடுத்தாள்.

டோர்னமெண்ட் இரண்டு நாள். முதல் நாள் தட்டுத் தடுமாறி அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். சிந்துஜா கைக்குப் பந்து வரவே இல்லை. அவள் பக்கம் பந்து போகாமல் பர்சானா பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அரையிறுதியில் பந்து வந்தது. முதல் பாதியில் இரண்டு முறை. எதிரணியில் கடைசியாக நிற்கிறவள் உயரமானவள், பின்னலை டேப் போட்டுக் கழுத்தில் ஒட்டியிருந்தாள். முன்னால் ஆடின மூன்று ஆட்டத்தையும் பார்த்திருப்பாள் போல. அவசரப்படாமல் வந்தாள், வலப்பக்கத்தை அடைத்தாள், கூடவே ஓடினாள். இரண்டு முறையும் சிந்துஜா கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். இரண்டாம் முறை அந்த உயரமானவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அதுதான் அவமானமாக இருந்தது.

இடைவேளையில் பர்சானா வட்டத்துக்கு நடுவில் நின்று எல்லோரிடமும் கத்தினாள். கடைசியில் சிந்துஜாவிடம் வந்து குரலைக் குறைத்தாள். "இன்னும் ஒரு பந்து. அதோட மாத்திடுவேன். தப்பா நெனச்சிக்காத."

"நெனக்க மாட்டேன்."

"அஞ்சு பாயிண்ட்டு பின்னாடி இருக்கோம்டி."

"தெரியும்."

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினார்கள். இப்போது தெற்கு நோக்கி ஓட வேண்டும். சிந்துஜா தன் ஓரத்தில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். இடப்பக்கம் வெள்ளைக் கோடு. வலப்பக்கம், மைதானத்துக்கு அப்பால், வேப்பமரத்துக்கு அப்பால், மலை. கிரிவலத்தில் இருக்கும் அதே இடத்தில். மேகம் இல்லை. வெயிலில் அது மிக அருகில் வந்து நின்றிருந்தது.

நான்காவது நிமிடத்தில் கன்னியம்மாள் பந்தை எடுத்துக்கொண்டு கபடிகபடி என்று நேராக ஒருத்தி மேல் மோதி, விழுந்துகொண்டே பின்னால் வீசினாள். தமிழ்செல்வி பிடித்து பர்சானாவுக்கு. பர்சானா அரை நொடி யோசித்தாள். பந்து ஓரத்துக்கு வந்தது.

சிந்துஜா அதை இடது கக்கத்தில் அடைத்துக்கொண்டு ஓடினாள். எதிரே ஒருத்திதான் பாக்கி. உயரமானவள் வழக்கம் போல நிதானமாக வந்தாள், வழக்கம் போல வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு. பத்து மீட்டர். ஏழு. சிந்துஜா காலடியைச் சின்னதாக்கினாள். சத்தம் எல்லாம் தூரமாகப் போனது. ஆயிரம் பேர் வெறுங்காலில் நடக்கும் அந்த ஒரே சத்தம் மட்டும் எங்கோ கேட்டது. இடப்பக்கம் சாய்ந்தாள். கோட்டை நோக்கித் தோளைக் காட்டினாள். உயரமானவளின் இடுப்பைப் பார்த்தாள்.

இடுப்பு திரும்பியது. இவள் வெளியேதான் போவாள் என்று அதற்கு அவ்வளவு நிச்சயம்.

இரண்டரை மீட்டர். இடது கால் அகலமாக ஊன்றியது. வலப்பக்கம் திறந்தது. சிந்துஜா அங்கே பார்த்தாள். இடிச்சிக்கப் போற, என்றது குரல். இடிச்சா இன்னா, என்றது இன்னொரு குரல்.

அவள் தரையை உதைத்தாள்.

இடிக்கவில்லை. தோளில் எதுவும் படவில்லை. உயரமானவளின் விரல் நுனி ஜெர்சியைத் தொட்டு நழுவியது, அவ்வளவுதான். முன்னால் பச்சையாக, அகலமாக, யாரும் இல்லாமல் புல் கிடந்தது. அவ்வளவு இடத்தை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதற்குள் ஓடினாள். ஓட ஓட அது இன்னும் அகலமானது. ஒருவரும் இல்லை. கோட்டைத் தாண்டி, இன்னும் ஐந்தாறு எட்டு தேவையில்லாமல் ஓடி, மண்டி போட்டுப் பந்தை இரண்டு கையாலும் தரையில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

கன்னியம்மாள்தான் முதலில் வந்து மேலே விழுந்தாள். பிறகு எல்லோரும். "ஏன்டி அழற? அஞ்சு பாயிண்ட்டுடி!" என்று பர்சானா அவள் காதுக்குள் கத்தினாள். சிந்துஜா பந்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஸ்டூலில் உட்கார்ந்த நிலையில் அவரைப் பார்த்த அன்றும் அழவில்லை, காரியத்தன்றும் அழவில்லை. விசில் அடித்தது. வேப்பமரத்தடியில் யார் யாரோ கைதட்டினார்கள்.

அந்த ஆட்டத்தைக் கடைசியில் இன்னொரு ட்ரை போட்டு ஜெயித்தார்கள். மாலை இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். அதில் அவளுக்கு மூன்று முறை பந்து வந்தது. ஒரு முறை இடம், இரண்டு முறை வலம். எதிரே வந்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பர்சானா போனை நீட்டினாள். அவள் தம்பி எடுத்த வீடியோ. அரையிறுதி, இரண்டாம் பாதி.

"மெதுவா வெச்சுப் பாரு. ஊன்றது பாரு, அப்படியே புக்குல போடலாம். ஆனா இங்க ஒண்ணு இருக்குது, எனக்குப் புரியல." ஒரு கட்டத்தில் நிறுத்தினாள்.

பத்தாம் எண் ஜெர்சி. இடது கால் தரையில், வலது கால் காற்றில். உயரமானவள் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள். இடது கக்கத்தில் பந்து. வலது கை நீண்டிருந்தது.

"பிடிக்க வர்றவளத் தள்றதுக்குன்னா கை முன்னாடி வரணும். இது இன்னாடி, சைடுல போவுது? கீழ வேற எறங்கியிருக்குது. உள்ளங்கை கூட தொறந்திருக்குது பாரு. யாரத் தள்ற?"

சிந்துஜா படத்தைப் பெரிதாக்கினாள். கை மலைப் பக்கமாக நீண்டிருந்தது. உள்ளங்கை திறந்து, விரல்கள் லேசாக மடங்கி, நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரிடம் கொடுக்கிற மாதிரி.

"யாரையும் தள்ளல" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐஸை இன்னொரு காலுக்கு மாற்றினாள். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, வரும் வழியில் மோட்டாருக்குக் கண்டென்சர் வாங்கி வருவதாகவும், அடுத்த பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கிளம்பிவிட வேண்டாம் என்றும் சொன்னாள்.